கடைவாயிலில் ஒரு பசுமை

திருவனந்தபுரம் நகரின் தென்பகுதியில், கரமனையாற்றின் கரையில் அமைந்த ஊர் கரமனை. தமிழ் பேசும் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழும் தெருக்கள் இங்கு உண்டு. களியக்காவிளைக்குச் செல்லும் நெடுஞ்சாலை இவ்வூரின் வழியே செல்கிறது. இத்தகைய சாலைகளின் ஓரத்தில் துணிக்கடை, வங்கி, உணவகம், மருத்துவமனை எனப் பல வணிகக் கட்டடங்கள் நிற்கின்றன. அவற்றின் வாயிலிலும் கூடத்திலும் செடித்தொட்டிகளைக் காணலாம். அச்செடிகளை வாடாமல் காப்பது எப்படி என்பதை இப்பாடத்தில் அறிவோம்.

யாருடைய செடி?

வீட்டுச் செடிக்கு ஓர் உரியவர் இருப்பார். பாட்டியோ அம்மாவோ நாள்தோறும் அதைப் பார்ப்பர். கடையில் உள்ள செடியோ எல்லாருக்கும் பொது. ஆகவே, எவருக்கும் சொந்தமில்லை. ஒருநாள் மூவர் நீர் ஊற்றுவர். மறுவாரம் ஒருவரும் ஊற்றமாட்டார். ஓணம் விடுமுறையில் கடை அடைபட்டால் தொட்டிமண் காய்ந்துவிடும். எனவே, பராமரிப்பின் முதற்படி, பொறுப்பை ஒருவரிடம் ஒப்படைப்பதே. நீர் ஊற்றிய நாள், எருவிட்ட நாள் ஆகியவற்றை ஓர் அட்டையில் குறித்து வைத்தால், அவர் வராத நாளில் மற்றவர் தொடரலாம்.

உள்ளே வளரும் செடிகள்

விளக்குகள் நிறைந்த கடை நம் கண்ணுக்கு வெளிச்சமாகத் தோன்றும். ஆனால், நம் கண் குறைந்த ஒளிக்கும் தன்னைப் பழக்கிக்கொள்ளும். செடியால் அவ்வளவு இயலாது. சன்னலிலிருந்து சில மீட்டர் தள்ளிச் சென்றாலே பகலொளி பெரிதும் குறைந்துவிடுகிறது. ஆதலால், குறைந்த ஒளியைத் தாங்கும் மணி பிளான்ட், பாம்புக் கற்றாழை போன்றவற்றையே உள்ளே வைப்பது நன்று. இரண்டு தொகுதிச் செடிகளை வைத்துக்கொண்டு, பதினைந்து நாளுக்கு ஒருமுறை உள்ளதை வெளியேயும் வெளியேயுள்ளதை உள்ளேயும் மாற்றலாம். உள்ளிருந்து வந்த செடியை உடனே உச்சிவெயிலில் வைத்தால் இலை கருகும். முதலில் நிழலில் வைக்க வேண்டும்.

உள்ளறைச் செடிகள் பெரும்பாலும் மடிவது நீரின்மையால் அன்று; நீர் மிகுதியால்தான். மண்ணின் இடைவெளிகளில் காற்று இருந்தால்தான் வேர் மூச்சுவிடும். நீர் அவ்விடத்தை நிரப்பினால் வேர் அழுகும். விரலை இரண்டு அங்குல ஆழம் மண்ணுள் விட்டுப் பார்த்து, ஈரம் இல்லையெனில் மட்டும் நீர் ஊற்றுக. தொட்டியின் அடியில் துளை இருத்தல் இன்றியமையாதது. இலைமேல் படியும் தூசு ஒளியைத் தடுப்பதால், வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடைக்க வேண்டும்.

உள்ளறைச் செடிகள் காற்றைத் தூய்மையாக்கும் என்று விளம்பரங்கள் கூறுவதுண்டு. 1989ஆம் ஆண்டு நாசா நிறுவனம் மூடிய சிறு பெட்டிகளில் செய்த சோதனையிலிருந்து இக்கருத்துப் பரவியது. ஆனால், காற்றோட்டம் தரும் அதே பயனைச் செடிகளிலிருந்து பெற, சதுர மீட்டருக்குப் பத்துச் செடிகளேனும் வேண்டும் என்று 2019இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. எனவே, செடி கண்ணுக்கு இனிமை தரும். சன்னலைத் திறக்கும் வேலையை அது செய்யாது.

வெளியே வளரும் செடிகள்

கேரளத்தில் இடவப்பாதி எனப்படும் தென்மேற்குப் பருவமழை சூன் மாதத்திலும், துலாவர்ஷம் எனப்படும் வடகிழக்குப் பருவமழை அக்டோபரிலும் தொடங்கும். அம்மாதங்களில் நீர் ஊற்றுவதைவிட நீரை வடியவிடுவதே பெரிய வேலை. பெருமழை எருவைக் கரைத்துச் சென்றுவிடும். ஆதலால் எருவைச் சிறிது சிறிதாக இடவேண்டும். பிப்ரவரி முதல் மே வரை வெயில் கடுமையாகும். அப்போது காலையில் நீர் ஊற்றி, மண்ணின்மேல் காய்ந்த இலைகளையோ தென்னை நாரையோ பரப்பினால் ஈரம் நெடுநேரம் நிற்கும்.

தமிழ் இலக்கியம் வெட்சி என்று போற்றும் பூச்செடியை மலையாளிகள் தெச்சி என்றும் செத்தி என்றும் அழைப்பர். இவ்வூரின் அமிலத்தன்மை கொண்ட செம்மண்ணில் அது செழிக்கும். புதிய கட்டடத்தின் அருகே நட்டாலோ, சில வேளைகளில் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். மண்ணில் கலந்த சிமெண்டுக் கழிவு அமிலத்தன்மையைக் குறைத்துவிடுவதால், வேரால் இரும்புச் சத்தை எடுக்க முடிவதில்லை. அத்தகைய இடத்தில் எரு இடுவதற்குமுன் கழிவை அகற்றி, நல்ல மண் நிரப்புவதே மருந்து.

திருவனந்தபுரத்திற்குக் குடிநீர், கரமனையாற்றின் குறுக்கே அருவிக்கரையில் உள்ள நீர்த்தேக்கத்திலிருந்து வருகிறது. தூய்மை செய்து, குழாய்வழி வரும் அந்நீரைச் செடிக்கு வீணாக்கலாகாது. சேமித்த மழைநீரையும், குளிரூட்டியிலிருந்து சொட்டும் நீரையும் அழகுச் செடிகளுக்குப் பயன்படுத்தலாம். சேமிக்கும் கலத்தை மூடி வைத்தல் வேண்டும்.

பசுமையில் மறைந்த பகை

டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு, தொட்டியின் கீழுள்ள தட்டில் தேங்கும் சிறிதளவு நீரிலும் பெருகும். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள்கள் போதும். அதனால்தான் வாரத்தில் ஒருநாள் தேங்கிய நீரை அகற்றும் உலர்நாளைக் கடைப்பிடிக்குமாறு கேரளச் சுகாதாரத் துறை வேண்டுகிறது. நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. தட்டின் ஓரத்தில் ஒட்டிய முட்டைகள் பல மாதங்கள் உலர்ந்து கிடந்து, மீண்டும் நீர் பட்டதும் பொரிக்கும். ஆகவே, தட்டைத் தேய்த்துக் கழுவ வேண்டும். கவனிப்பாரற்ற ஒரு தொட்டி, ஒரு தெருவுக்கே காய்ச்சலைக் கொண்டுவரலாம்.

செடியைத் தெரிவு செய்வதிலும் கவனம் தேவை. அரளியின் எல்லாப் பகுதிகளும் நஞ்சுடையவை. 2024ஆம் ஆண்டு மே மாதத்தில் திருவிதாங்கூர் தேவசம் போர்டு, நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப் பூவைச் சேர்க்கலாகாது என்று முடிவு செய்தது. குழந்தைகள் நடமாடும் கடைமுற்றத்தில் இத்தகைய செடிகளைத் தவிர்ப்பதே அறிவுடைமை.

அழகுக்காக வைத்த செடியும் ஓர் உயிரே. அதற்கு நாள்தோறும் நீரூற்றும் காவலரும் துப்புரவுப் பணியாளரும் பெரும்பாலும் நம் கண்ணில் படுவதில்லை. செடியின் தளிரில் அவர்களது உழைப்பைக் காணக் கற்பதும் கல்வியே ஆகும்.

சொற்பொருள்

இன்றியமையாதது – இல்லாமல் முடியாதது
மடிதல் – இறந்துபோதல்
தெரிவு – தேர்ந்தெடுத்தல்
கலம் – பாத்திரம்

பயிற்சி

1. உள்ளறைச் செடிகள் நீர் மிகுதியால் மடிவது ஏன்?
2. தட்டிலுள்ள நீரைக் கொட்டிய பின்னும் அதைத் தேய்த்துக் கழுவுவது எதற்காக?
3. மண், வேர், இலை, மழை ஆகிய சொற்களை மலையாளத்தில் எவ்வாறு கூறுவர்? ஒப்பிட்டு எழுதுக.
4. உம் வீட்டின் அருகிலுள்ள ஒரு கடையின் செடித்தொட்டியை ஒரு வாரம் உற்றுநோக்கி, கண்டவற்றைப் பத்து வரிகளில் எழுதுக.