டோனர் தாள் கேட்டு வருகிறவர்களுக்கு எதைக் கொடுப்பது?



"அண்ணாச்சி, சர்க்யூட் போர்டு செய்ய பளபளப்பு பேப்பர் இருக்கா?" என்று கோணம், சுங்கான்கடை, குமாரகோவில் பக்கம் படிக்கும் பிள்ளைகள் கேட்டு வந்தால், பலசரக்கோடு நோட்டும் பேப்பரும் விற்கும் நம்மவர் பலர் "இல்லை" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். சிலர் கைக்குக் கிடைத்ததை எடுத்துக் கொடுப்பார்கள். முதலாவதில் ஒரு வியாபாரம் போகிறது. இரண்டாவதில் ஒரு ஜெராக்ஸ் மெஷினே கெட்டுப்போகலாம். ஆகவே விஷயத்தைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

ஜெராக்ஸ் மெஷினிலும் லேசர் பிரிண்டரிலும் போடும் டோனர் திரவ மை அல்ல. நிறம் சேர்த்த நுண்ணிய பிளாஸ்டிக் தூள். 1938-ல் அமெரிக்கர் செஸ்டர் கார்ல்சன் கண்ட வழியில் வந்தது இது. சூட்டில் உருகித் தாளில் ஒட்டும். மறுபடி சூடு காட்டினால் மறுபடி உருகும். இந்தக் குணத்தைத்தான் பிள்ளைகள் பயன்படுத்துகிறார்கள். படத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாற்றி அச்சடித்து, செம்புத் தகடு ஒட்டிய பலகைமேல் கவிழ்த்து, இஸ்திரிப் பெட்டியால் அழுத்துவார்கள். பிறகு தண்ணீரில் ஊறவைத்துத் தாளை உரிப்பார்கள். கோடுகள் செம்பின்மேல் நிற்கும். பெரிக் குளோரைடு கரைசலில் போட்டால், கோடு மூடாத செம்பு கரைந்துவிடும். மிஞ்சுவதே சர்க்யூட்.

ஆகவே நல்ல தாளுக்கு மூன்று குணம் வேண்டும். சூட்டில் தாள் உருகக் கூடாது. டோனர் மேலோடு நிற்க வேண்டும். தண்ணீரில் லேசாக விட்டுவிட வேண்டும். இனி ரகங்களைப் பார்ப்போம்.

1. சாதாரண ஜெராக்ஸ் பேப்பர்: விலை குறைவுதான். ஆனால் டோனர் நாருக்குள் பிடித்துக்கொள்ளும். உரிக்கும்போது கோடு அறுந்துவிடும். இதற்கு ஏற்றதல்ல.

2. ஆர்ட் பேப்பர்: சிவகாசிக் காலண்டரிலும் பத்திரிகை அட்டையிலும் வருவது. மேலே பூசிய வெள்ளைக் களிமண் பூச்சு தண்ணீரில் இளகுவதால் டோனர் எளிதில் விடும். குறைந்த செலவில் கைகொடுப்பது இதுவே. சற்று மெல்லிய தாளாக இருந்தால் சூடும் தண்ணீரும் சீக்கிரம் இறங்கும். லேமினேஷன் செய்தது மட்டும் ஆகாது.

3. இங்க்ஜெட் போட்டோ பேப்பர்: இங்கேதான் எச்சரிக்கை வேண்டும். இதில் சில ரகங்களுக்குப் பிளாஸ்டிக் படலம் உண்டு. லேசர் மெஷினின் சூட்டு உருளையில் அது உருகி ஒட்டினால் ரிப்பேர்ச் செலவு பெரிது. பாக்கெட்டில் "இங்க்ஜெட்டுக்கு மட்டும்" என்றிருந்தால் இந்த வேலைக்குக் கொடுக்க வேண்டாம்.

4. டோனர் டிரான்ஸ்பர் பேப்பர்: இந்த வேலைக்கென்றே வருவது, பெரும்பாலும் மஞ்சள் நிறம். டோனரை எளிதில் விடும் பூச்சு உள்ளதால் தாள் சுலபமாகக் கழன்றுவிடும். விலை கூடுதல்; ஒரு முறைதான் பயன்படும்.

சந்தேகம் வந்தால் ஓரத்தைக் கிழித்துப் பாருங்கள். மெல்லிய படலம் இழுபட்டு நீண்டால் பிளாஸ்டிக் பூச்சு என்று அறியலாம்.

வாங்க வருபவரிடம், "லேசரா, இங்க்ஜெட்டா?" என்று முதலில் கேளுங்கள். இங்க்ஜெட் மை சூட்டில் உருகாது. எந்தத் தாளில் அடித்தாலும் பலகைக்கு மாறாது. இதைச் சொல்லிக் கொடுத்தாலே அந்தப் பிள்ளைக்குக் காசு மிச்சம். நம் கடைக்கு நல்ல பெயர்.

கொள்முதலில் நிதானம் தேவை. தேவை நிலையானதல்ல, புராஜெக்ட் சமயத்தில்தான் கேட்பார்கள். நம் மாவட்டத்தில் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் உண்டு. ஈரம் ஏறிய தாள் சுருண்டு மெஷினில் சிக்கும். ஆகையால் ஒன்றிரண்டு பாக்கெட்டே வாங்கி, பாலிதீன் உறையில் மூடி, தரையிலும் உப்பு மூட்டைப் பக்கத்திலும் வைக்காமல் மேல் தட்டில் வையுங்கள்.

"பெரிக் குளோரைடும் சேர்த்து வைத்தால் என்ன?" என்று தோன்றலாம். பலசரக்குக் கடைக்கு அது வேண்டாம். அது காற்றின் ஈரத்தை இழுத்துக் கசியும்; உலோகத்தை அரிக்கும்; தோலையும் கண்ணையும் புண்ணாக்கும். அரிசி, பருப்பு இருக்கும் இடத்தில் அதற்கு இடமே இல்லை. எலக்ட்ரானிக்ஸ் கடைக்கு வழி சொல்லி அனுப்புங்கள்.

அச்சடித்து வீணான தாள்களைப் பொட்டலம் மடிக்க எடுக்கக் கூடாது என்பதையும் மறக்க வேண்டாம். செய்தித்தாளிலும் அதுபோன்ற அச்சுத் தாளிலும் உணவுப் பொருள் மடிப்பதை 2018-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு பேக்கேஜிங் விதிகள் தடுக்கின்றன.

சிறிய சரக்குதான், லாபமும் சிறிதுதான். ஆனால் சரியான தாளை எடுத்துக் கொடுத்த கடையைப் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள். அடுத்த முறை வீட்டுச் சாமான் பட்டியலோடும் வருவார்கள்.