நோய் தீர்க்க ஒரு வைரஸ்: நம்பிக்கையும் நிதானமும்

கடந்த ஜும்ஆ முடிந்து வெளியே வந்தபோது ஊர்ச் சகோதரர் ஒருவர் தொலைபேசியை நீட்டினார். "தசைத் தேய்வு நோய்க்கு வைரஸ் மூலம் மருந்து கண்டுபிடிப்பு" என்றொரு வட்ஸ்அப் செய்தி. அவரது ஒன்பது வயது மகனுக்கு 'டுஷென்' தசைத் தேய்வு நோய். "சேர், இது உண்மையா? எங்கட புள்ளைக்குக் கிடைக்குமா?" என்று கேட்டார். விஞ்ஞான ஆசிரியன் என்ற வகையில் அவருக்குச் சொன்னதையே இங்கு எழுதுகிறேன்.

தசையைப் பாதுகாக்கும் டிஸ்ட்ரோபின் என்ற புரதத்தை உருவாக்கும் மரபணு பழுதடைவதே இந்நோய்க்குக் காரணம். நல்ல மரபணுவைக் கலங்களுக்குள் கொண்டு சேர்ப்பதற்கு, நோய் உண்டாக்காத 'ஏஏவி' எனும் சிறிய வைரஸ் வாகனமாகப் பயன்படுகிறது. ஆனால் அதில் சுமார் 4,700 மரபு எழுத்துகளை மட்டுமே ஏற்றலாம். டிஸ்ட்ரோபினுக்கோ சுமார் 11,000 எழுத்துகள் தேவை. அதனால் 2023இல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்ட சிகிச்சையில், வெட்டிச் சுருக்கிய மரபணுவே வழங்கப்படுகிறது. அதன் விலை 32 இலட்சம் டொலர். 2025இல், நடக்கும் ஆற்றலை இழந்திருந்த இரு நோயாளிகள் அச்சிகிச்சையின் பின் ஈரல் செயலிழந்து மரணித்ததும் கவனிக்கத்தக்கது.

இந்த இடத்தில்தான் பேராசிரியர் வெனிகல்லா ராவின் ஆய்வு முக்கியத்துவம் பெறுகிறது. வாஷிங்டனிலுள்ள அமெரிக்க கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் பல தசாப்தங்களாக 'ரி4' என்ற பேஜ் வைரஸை ஆராய்ந்து வருபவர் அவர். பேஜ்கள் பற்றீரியாவை மட்டுமே தாக்குபவை. மனிதக் கலங்களுக்குள் பெருகும் ஆற்றல் அவற்றுக்கில்லை.

அவரது குழுவினர் ரி4இன் தலைப்பகுதியை வெற்றுக் கூடாக எடுத்து, அதனுள் தேவையான மரபணுவை நிரப்பினர். கூட்டின் வெளிப்புறத்தில் பயனுள்ள புரதங்களைப் பொருத்தினர். பின்னர், மனிதக் கலங்களுக்குள் நுழைவதற்காகக் கொழுப்பினால் ஒரு மேலுறை போர்த்தினர். இதில் ஏற்றக்கூடிய அளவு சுமார் 171,000 எழுத்துகள். ஏஏவியைவிட 36 மடங்கு! டிஸ்ட்ரோபின் மரபணுவை முழுமையாகவே ஏற்றிக்காட்டினர். இது 2023 மே மாதம் 'நேச்சர் கொமியுனிகேஷன்ஸ்' சஞ்சிகையில் வெளியானது.

அப்படியானால் செய்தி உண்மைதானே? பாதி உண்மை. இது நடந்தது ஆய்வுகூடத்தில் வளர்க்கப்பட்ட மனிதக் கலங்களில். நோயாளியின் உடலில் அல்ல. உடலின் எதிர்ப்புச் சக்தி இதை ஏற்குமா, தசை முழுவதும் இது சென்றடையுமா என்பவற்றைச் சோதித்த பின்னரே மருந்து பற்றிப் பேசலாம். அதற்குப் பல ஆண்டுகள் செல்லும். ஆகவே, இதைக் காட்டி யாராவது பணம் கேட்டால் ஏமாந்துவிட வேண்டாம்.

அதுவரை கையிலிருப்பதை விட்டுவிடவும் கூடாது. கிளினிக், ஸ்டீரொய்ட் மருந்து, பிசியோதெரபி, இருதயப் பரிசோதனை என்பன பிள்ளையின் நல்ல நாட்களை நீடிக்கச் செய்யும்.

இன்னொன்று. இந்நோயைக் காட்டி உம்மாமாரைக் குறைகூறும் வழக்கம் நம்மிடையே உள்ளது. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு இக்குறைபாடு புதிதாகவே தோன்றுகிறது. தாய் வழியாக வந்திருந்தாலும் அது அவரது குற்றமல்ல.

ஒவ்வொரு நோய்க்கும் மருந்துண்டு என்பது நமது நம்பிக்கை. அதைத் தேடுவோர் தேடிக்கொண்டிருக்கிறார்கள். உறுதிப்படுத்தாத செய்தியைப் பரப்பி ஒரு வாப்பாவின் மனதை உடைக்காதிருப்பது நமது கடமை. அந்தப் பிள்ளைக்காக துஆச் செய்வோம்.