முதலில் சொன்னவர் யார்?

என் வீட்டுப் பழைய கணினி ஒன்றில் பிட்காயின் நோடு, அதாவது அதன் வலைப்பின்னலில் செய்திகளைப் பெற்றுப் பரப்பும் நிரல், ஓடுகிறது. உலகின் ஏதோ மூலையில் ஒருவர் பணம் அனுப்பினால், அந்தச் செய்தி சில நொடிகளில் இங்கும் வந்துசேரும். சாதாரண இணைப்பு என்றால், எந்த ஐபி முகவரி அதைக் கொடுத்தது, எப்போது கொடுத்தது என்பதையும் பதிந்துவைக்கலாம். என்னை உறுத்துவது இதுதான்.

இங்கே நடுவில் சர்வர் கிடையாது. ஒரு நோடு தன்னோடு இணைந்த நோடுகளுக்குச் சொல்லும், அவை அடுத்தவற்றுக்குச் சொல்லும். செய்தியில் அனுப்பியவர் பெயர் இருக்காது. ஆனாலும் ஏராளமான நோடுகளோடு இணைந்துகொண்டு வேவு பார்ப்பவர், தனக்கு முதலில் சொன்னது யார் என்று குறித்தாலே புறப்பட்ட இடத்தைப் பல நேரங்களில் ஊகித்துவிடலாம். ஐபி சிக்கினால் இணைய நிறுவனத்திடம் வீட்டு விலாசமே இருக்கிறது. தடைசெய்யப்பட்ட பத்திரிகைக்கு நன்கொடை தருபவருக்கு இது சிறைவாசல்.

ஷைலேஷ் பொஜ்ஜா வெங்கடகிருஷ்ணன், ஜூலியா ஃபான்டி, பிரமோத் விஸ்வநாத் மூவரும் 2017-இல் 'டேன்டலியன்' என்ற முறையை முன்வைத்தார்கள். அது ஒரு செடியின் பெயர்: நீண்ட தண்டு, உச்சியில் எருக்கம் பஞ்சுபோலப் பறக்கும் விதைகள். செய்தியும் முதலில் தண்டு வழியே ஒரே ஒரு நோடுக்குப் போகிறது. அங்கிருந்து இன்னொன்றுக்கு. பிட்காயினுக்காக எழுதிய வரைவில், ஒவ்வொரு நோடும் அதை ஊருக்கெல்லாம் பரப்பிவிட 10 சதவீத வாய்ப்பு. சராசரியாகப் பத்துக் கை மாறிய பிறகே பரவத் தொடங்கும். வேவுக்காரர் தடம்பிடித்துப் போனால் சிக்குவது பரப்பத் தொடங்கிய அந்த ஆள். அவருக்கும் தொடங்கியவர் யாரென்று தெரியாது.

நடுவில் ஒரு நோடு செய்தியை விழுங்கிவிட்டால்? தண்டில் உள்ள ஒவ்வொரு நோடும் ஒரு கெடு வைத்துக் காத்திருக்கும். அதற்குள் செய்தி திரும்பக் காதில் விழாவிட்டால் தானே பரப்பிவிடும். கெடுவின் நீளம் ஆளுக்கு ஆள் தற்செயலாக மாறும். அதனால் முதலில் பொறுமையிழந்தவரே அனுப்பியவர் என்று சொல்லிவிட முடியாது. இந்த இடம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

அனுப்புநரையும் தொகையையும் பொதுப் பதிவேட்டில் ஏற்கெனவே மறைத்துவந்த மொனேரோ என்ற மின்நாணயம், மேம்பட்ட 'டேன்டலியன்++' வடிவத்தை 2020-இல் சேர்த்துக்கொண்டது. பிட்காயின் சேர்க்கவில்லை. காரணம், தண்டில் நிற்கும் செய்திகளைத் தனியாகச் சேமிக்க வேண்டும். போலிச் செய்திகளைக் குவித்து நோடுகளைத் திணறடிக்க அது வழிவிடும் என்று பிட்காயின் நிரலாளர்கள் அஞ்சினார்கள். அச்சம் நியாயம்தான். ஆனாலும் அனுப்பியவரின் பாதுகாப்புக்காக இன்னும் முயன்றிருக்க வேண்டும் என்பேன். அதனால் என் நோடை, ஐபி முகவரியை மறைக்கும் டோர் வலையமைப்பு வழியாக மட்டுமே இணைத்திருக்கிறேன். வேகம் குறைகிறது, பரவாயில்லை.