தலைவி நாற்காலியில் ஓர் அம்மா!

மணப்பாறையைத் தாண்டி மருங்காபுரி, வளநாடு, புத்தாநத்தம் என எந்தப் பக்கம் போனாலும் அந்தப் பெயர்ப்பலகை கண்ணில் படும். ‘ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி’. திருச்சி மாவட்டத்தின் 14 ஊராட்சி ஒன்றியங்களில் மருங்காபுரியும் ஒன்று. பெரும்பாலும் வானம் பார்த்த பூமி. இங்குள்ள பல குடும்பங்களுக்குப் பிள்ளையின் முதல் பள்ளி இந்தப் பலகை மாட்டிய பள்ளிதான்.

பலகையில் ஒன்றியத்தின் பெயர் இருக்கிறது. ஆனால், உள்ளே நடப்பதில் ஊருக்கு எவ்வளவு பங்கு?

கொஞ்சம் பழைய கதை. 1958-ம் ஆண்டு பஞ்சாயத்துச் சட்டப்படி பஞ்சாயத்து யூனியன்கள் உருவானபோது, கிராமத் தொடக்கப் பள்ளிகள் அவற்றின் கைக்கு வந்தன. காமராஜர் முதல்வர். கல்வித்துறை இயக்குநராக இருந்தவர் நெ.து.சுந்தரவடிவேலு. அவர் முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர் ஊராக மக்கள் பெஞ்சு கொடுத்தார்கள், கரும்பலகை கொடுத்தார்கள். நிலமும் பணமும் கொடுத்தவர்கள் உண்டு. ஊர் தன் பள்ளிக்காகக் கைவிரித்துக் கொடுத்த காலம் அது.

1981-ல் ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியர்கள் ஆனார்கள். ஆசிரியர்களுக்கு அது நியாயமான விடிவு. ஆனால், பள்ளி நிர்வாகம் ஊரைவிட்டுக் கல்வித்துறை அலுவலகத்துக்குப் போய்விட்டது. ஊருக்கு மிஞ்சியது ஆண்டுவிழாவுக்கு நன்கொடை தரும் வேலை. ‘கொடுங்கள்’ என்று ஊரை அழைத்தவர்கள், ‘கேளுங்கள்’ என்று அழைக்கவில்லை.

அந்த வாசலைத் திறந்தது 2009-ம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம். ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் ஒரு பள்ளி மேலாண்மைக் குழு வேண்டும்; அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும்; பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்றது சட்டம். குழுக்கள் வந்தன. ஆனால், பல இடங்களில் அவை நோட்டுப் புத்தகத்தோடு நின்றுபோயின. யாரோ பேர் எழுதினார்கள், யாரோ கையெழுத்துப் போட்டார்கள்.

2022 மார்ச் 20-ம் தேதி தமிழ்நாடு முழுக்க அரசுப் பள்ளிகளில் பெற்றோரை அழைத்துக் கூட்டம் போட்டார்கள். அதைத் தொடர்ந்து குழுக்கள் புதிதாக அமைந்தன. மொத்தம் 20 பேர். அதில் 15 பேர் பெற்றோர். மீதி ஐந்து இடங்கள் தலைமையாசிரியர், ஓர் ஆசிரியர், இரண்டு உள்ளாட்சிப் பிரதிநிதிகள், ஒரு கல்வி ஆர்வலர் ஆகியோருக்கு. தலைவராக இருப்பவர் அந்தப் பள்ளியில் படிக்கும் பிள்ளையின் தாயாக இருக்க வேண்டும். துணைத் தலைவர் பதவியில் மாற்றுத்திறனாளிக் குழந்தையின் பெற்றோருக்கு முன்னுரிமை. 2024-ல் மறுபடி அமைத்தபோது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கிடைத்தது.

ஆக, புத்தாநத்தத்தில் தையல் மிஷின் மிதிக்கிற அம்மாவோ, வளநாட்டுப் பக்கம் ஆடு மேய்க்கிற அம்மாவோ, தலைமையாசிரியருக்குப் பக்கத்து நாற்காலியில் தலைவியாக உட்காரலாம். உட்கார்ந்த பிறகு என்ன செய்வது என்பதில்தான் சிக்கல்.

‘நமக்கு என்ன தெரியும், டீச்சர் பார்த்துப்பாங்க’ என்ற தயக்கம் முதல் தடை. அந்தத் தயக்கத்தை உடைக்கக் கல்வியியல் படிக்க வேண்டியதில்லை. சில எண்கள் தெரிந்தால் போதும்.

முதல் எண், 60. தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள். 61-வது பிள்ளை சேர்ந்துவிட்டால் மூன்றாவது ஆசிரியர் வேண்டும் என்கிறது சட்டம். ஈராசிரியர் பள்ளிகளில் பிள்ளை வைத்திருப்பவர்களுக்கு இதன் அருமை புரியும். ஒருவர் பயிற்சிக்கோ அலுவலகத்துக்கோ போய்விட்டால், மீதமுள்ள ஒருவர் ஐந்து வகுப்புகளையும் கட்டி மேய்க்க வேண்டும். ஆகஸ்ட் 1-ம் தேதி எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்களோ, அதை வைத்துத்தான் ஆசிரியர் எண்ணிக்கையைத் துறை முடிவு செய்கிறது. எனவே, ஜூன், ஜூலையில் தெருத் தெருவாகப் போய் நான்கு பிள்ளைகளைச் சேர்த்தாலும், அதன் பலன் ஓர் ஆசிரியராகவே திரும்பி வரலாம். இதை அந்த ஊர் அம்மாக்களைவிட நன்றாக யார் செய்துவிட முடியும்?

அடுத்தது பணம். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பொறுத்துப் பள்ளி மானியம் உண்டு. 30 பேர் வரை 10,000 ரூபாய், 100 பேர் வரை 25,000, 250 பேர் வரை 50,000 என்பது விதி. இதில் குறைந்தது பத்தில் ஒரு பங்கு தூய்மைப் பணிகளுக்கு. கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை என்றால், பணம் வந்ததா, எதற்குச் செலவானது என்று குழு கேட்கலாம். செலவைக் கண்காணிப்பது குழுவின் வேலை என்று சட்டமே சொல்கிறது. கேட்பது சண்டையும் அல்ல, சந்தேகமும் அல்ல. (பணம் வராமலேயும் போகலாம். பி.எம்.ஸ்ரீ ஒப்பந்தப் பிரச்னையில் 2024-25-க்கான 2,152 கோடி ரூபாயை மத்திய அரசு நிறுத்திவைத்தது. டெல்லிக்கும் சென்னைக்கும் நடக்கிற இழுபறியில் கிராமத்துப் பள்ளிக்கு என்ன வந்தது, என்ன வரவில்லை என்பதும் பெற்றோருக்குத் தெரிய வேண்டிய கணக்குதான்.)

அப்புறம் நேரம். 2022-ல் மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை பிற்பகல் 3 மணி என்று கூட்டத்துக்கு நேரம் குறித்தார்கள். ஆசிரியர்களுக்கு வசதியான நேரம். கூலி வேலைக்குப் போகிற தாய்க்கு? அரைநாள் கூலி போகும். வருகைப் பதிவுக்குக் கைப்பேசிச் செயலியெல்லாம் வந்துவிட்டது. கூலியை இழக்காமல் அவர் எப்படி வருவார் என்ற கேள்விக்கு மட்டும் பதில் வரவில்லை. வேலை முடிந்து வீடு திரும்பும் மாலைக்குக் கூட்டத்தைத் தள்ளிவைத்தாலே நாற்காலிகள் நிரம்பும்.

குழுவிடம் அதிகாரம் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்வதற்கில்லை. 2022 ஜூனில், காலியாக இருந்த 13,331 ஆசிரியர் இடங்களைக் குழுக்களே தற்காலிகமாக நிரப்பலாம் என்றது அரசு. இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 7,500 ரூபாய். உள்ளூர் சிபாரிசு புகுந்துவிடும், தகுதித் தேர்வில் தேறியவர்கள் ஓரங்கட்டப்படுவார்கள் என்று எதிர்ப்பு கிளம்பியது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இடைக்காலத் தடை விதித்தது. பிறகு தகுதியுள்ளவர்களுக்கு முன்னுரிமை என்ற நெறிமுறைகள் வந்தன. அந்த அச்சம் வீண் அச்சம் இல்லை. ஊர் என்றால் சாதியும் செல்வாக்கும் சேர்ந்ததுதானே? தகுதியை மேலே இருப்பவர்கள் வரையறுக்கட்டும். தேவையை ஊர் சொல்லட்டும் என்ற பிரிவினை அவசியம்.

அமெரிக்காவின் சிகாகோ நகரம் 1988-ல் இதைவிடத் துணிந்து இறங்கியது. பெற்றோர் பெரும்பான்மையாக உள்ள பள்ளி மன்றங்களுக்குத் தேர்தல் வைத்து, தலைமையாசிரியரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையையே அவற்றிடம் கொடுத்தது. பக்கத்துக் கேரளாவில் 1996-ல் தொடங்கிய மக்கள் திட்டம் பள்ளிகளை உள்ளாட்சிகளோடு இறுகக் கட்டியது. அங்கே ஊராட்சியின் பட்ஜெட்டில் பள்ளிக்கூடம் ஓர் அத்தியாயம்.

இங்கே அந்த முடிச்சு இன்னும் தளர்வாகவே இருக்கிறது. திருச்சி உட்பட 27 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ம் தேதி முடிந்தது. பொறுப்பு தனி அலுவலர்களிடம் போனது. குழுவில் இருந்த வார்டு உறுப்பினர்களின் நாற்காலி அதோடு வெறும் நாற்காலி ஆனது. சுற்றுச்சுவர், குடிநீர்க் குழாய், பள்ளிக்குப் போகும் சாலை எல்லாம் ஊராட்சியிடம் கேட்க வேண்டியவை. கேட்டு வாங்கித் தரும் ஆள் இல்லாதபோது அந்தச் சுமையும் தலைவி அம்மாவின் தலையில்தான்.

அவர் கையில் இருப்பது தீர்மான நோட்டு. வாய்மொழியாகச் சொன்ன குறை காற்றோடு போகும். தீர்மானமாக எழுதி, தேதி போட்டு, நகல் ஒன்றை வட்டாரக் கல்வி அலுவலருக்கு அனுப்பி, இன்னொன்றை கிராம சபையில் வாசித்துவிட்டால் அதற்கு யாராவது பதில் சொல்லியாக வேண்டும். கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூட வேண்டும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1.

பள்ளி வளர்ச்சித் திட்டம் எழுதுவதும் இதே குழுவின் பொறுப்பு. எத்தனை பிள்ளைகள், எத்தனை ஆசிரியர், எத்தனை வகுப்பறை, எவ்வளவு பணம் என்பதை மூன்று ஆண்டுகளுக்குச் சேர்த்து எழுத வேண்டும். நிதியாண்டு முடிய மூன்று மாதங்கள் இருக்கும்போதே, அதாவது டிசம்பருக்குள், அது தயாராக வேண்டும்.