பாறையும் பக்கமும் – 7: கோடு வேறு, படம் வேறு

பாறையைப் படம் எடுத்தாயிற்று. ஏறுவழிகளின் குறிப்புகளும் சேர்ந்துவிட்டன. இனி எந்த மென்பொருளில் பாறையேற்ற வழிகாட்டி நூலைச் செய்வது?

பக்கம் அழகாக வரவேண்டும் என்பதிலிருந்துதான் பலரும் தொடங்குகிறார்கள். அடுத்த பதிப்பில் என்னவெல்லாம் மாறும் என்பதிலிருந்து தொடங்குங்கள் என்பேன் நான்.

இங்கிலாந்தின் பீக் மாவட்டத்தில் பல கிலோமீட்டர் நீளும் ஸ்டானேஜ் பாறை விளிம்பைப் பாருங்கள். அங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏறுவழிகள் இருக்கின்றன. வழிகாட்டியில் அவற்றுக்கு வரிசையாக எண் கொடுத்திருப்பார்கள் என்று வைத்துக்கொள்வோம். 14க்கும் 15க்கும் நடுவே ஒருவர் புதுவழி கண்டுவிட்டால், அதற்கு அடுத்த எண்கள் எல்லாமே ஒன்று தள்ளும். படத்தில் தள்ளும், விவரணையில் தள்ளும், ‘23இன் விரிசல் வரை ஏறி இடப்பக்கம் திரும்பவும்’ என்கிற குறிப்பிலும் தள்ளும். ஓரிடத்தில் மாற்ற விட்டுப்போனால்? ஸ்டானேஜில் கயிறு மாட்டப் பாறையில் நிலையாக போல்ட் அடிக்கும் வழக்கம் இல்லை. முதலில் ஏறுபவர் தன் கயிற்றுக்கான பிடிமானத்தைத் தானே விரிசலில் செருகிக்கொண்டு போகவேண்டும். எளிய வழி என்று நம்பிப் போனவர், எதையும் செருக இடமில்லாத பாறையில் மாட்டிக்கொள்வார். ஓர் எண் பிழைக்கு இவ்வளவு விலை இருக்கிறது.

ஆகவே பெயர், கிரேடு (கடினத் தரம்), உயரம், முதலில் ஏறியவர், ஆண்டு, விவரணை எல்லாம் ஒரே அட்டவணையில், வழிக்கு ஒரு வரியாக இருக்கட்டும். எண்ணைக் கையால் தட்டச்சு செய்யவே கூடாது. மென்பொருள் போட்டுக்கொள்ள வேண்டும். கட்டளைகளை எழுதிப் பக்கம் அமைக்கும் லாடெக் இதில் கெட்டிக்காரன். குறுக்குக் குறிப்புகளின் எண்களைத் தானே கணக்கிட்டுவிடும். ஆனால் பக்கம் முழுக்கப் படம், ஓரத்தில் ஒட்டி எழுத்து என்று அடுக்கும்போது அது பொறுமையைச் சோதிக்கும். அடோபியின் பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் அடுக்குவது சுகம், அட்டவணையை இழுத்து நிரப்பவும் வழி உண்டு. சந்தாதான் சிக்கல். பிரிட்டனில் இத்தகைய நூல்கள் பலவற்றை மலையேற்றச் சங்கங்களின் தன்னார்வலர்களே உருவாக்குகிறார்கள். ஒரு பதிப்புக்கும் அடுத்ததற்கும் பத்து ஆண்டு இடைவெளி விழலாம். அதுவரை சந்தா கட்டப்போவது யார்? இலவசமாகக் கிடைக்கும் ஸ்கிரைபஸ் தன் கோப்பை எக்ஸ்எம்எல் எழுத்தாகவே சேமிக்கிறது. பைத்தான் நிரல் எழுதி அதை இயக்கலாம், அச்சகம் கேட்கும் நான்கு வண்ணப் பிடிஎஃபும் தரும். சங்கங்களுக்கு என் பரிந்துரை அதுதான். சம்பளத்துக்கு வடிவமைப்பாளர் இருந்தால் இன்டிசைன். அப்போதும் எக்ஸ்எம்எல் அடிப்படையிலான ஐடிஎம்எல் வடிவில் ஒரு பிரதியை எடுத்து வைத்துவிடுங்கள்.

டோப்போவுக்கு, அதாவது பாறைப் படத்தின் மேல் ஏறுவழிகளைக் கோடாகக் காட்டும் வரைபடத்துக்கு வருவோம். ஃபோட்டோஷாப்பில் பாறைப் படத்தின் மேலேயே கோடு வரைந்து, எல்லாவற்றையும் ஒன்றாக்கி ஜேபெக்காகச் சேமித்துவிடுகிறார்கள். கோடு படத்தோடு கலந்துபோயிற்று, இனி நகராது. அதற்குப் பதில், இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் படம் கீழ் அடுக்கிலும், கோடுகள் தனி அடுக்கிலும், எண்கள் இன்னொன்றிலும் இருக்கட்டும். எஸ்விஜி கோப்பும் எழுத்துக் கோப்புதான் என்பதால் அட்டவணையிலிருந்தே எண்களை மாற்றிவிடலாம். ஒவ்வொரு வண்ணக் கோட்டுக்கும் அடியில் வெள்ளை விளிம்பு கொடுங்கள்; நிறம் எதுவானாலும் கோடு பாறையிலிருந்து தனித்துத் தெரியட்டும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர்களும் அந்தப் பக்கத்தை வைத்துத்தான் ஏறுவார்கள்.

எதையும் வாங்கும் முன் ஒரு சிறு பாறையை மட்டும் எடுத்து நான்கு பக்கம் செய்யுங்கள். முடித்தபின் நடுவில் ஒரு புதுவழியை நுழையுங்கள். எத்தனை இடத்தில் கை வைக்க வேண்டியிருக்கிறது என்று எண்ணிப் பார்த்து, அப்புறம் முடிவு செய்யுங்கள்.