ஒளியே அளவுகோல்

மழை ஓய்ந்த தெருவில் சிந்திய எண்ணெய்த் துளி வானவில்லின் நிறங்களைக் காட்டுவதை நாம் எல்லோரும் கண்டிருக்கின்றோம். அந்நிறங்கள் எண்ணெய்க்கு உரியன அல்ல. மெல்லிய படலத்தின் மேற்பரப்பிலும் கீழ்ப்பரப்பிலும் தெறித்து மீளும் இரு ஒளியலைகள் ஒன்றுசேரும்போது சில நிறங்கள் வலுப்பெறுகின்றன, சில அழிந்துபோகின்றன. இதனை ஒளியின் தலையீடு என்பர். மாணவர்களே, நீங்கள் சுவிஸ் பாடசாலையில் 'இன்ரபெரென்ட்ஸ்' எனக் கற்பதும் இதுவே.

இவ்வியல்பு தொழிற்கூடங்களில் மிக நுண்ணிய அளவுகோலாகப் பயன்படுகின்றது. லேசர் முதலிய ஒளியியற் கருவிகளிற் பொருத்தப்படும் சமதளக் கண்ணாடித் தட்டுகள் எங்கும் ஒரே தடிப்புடையனவாக இருத்தல் வேண்டும். இன்றேல் ஊடுசெல்லும் ஒளியலை நெளிந்து, விம்பம் தெளிவிழக்கும். திருகுக் கணிச்சி மில்லிமீற்றரின் நூறிலொரு பங்கை அளக்கும். அதுவும் தொடும் இடத்தில் மட்டுமே. இப்பணிக்கு அது போதாது.

ஆகவே, ஒருநிற லேசர் ஒளியைத் தட்டின்மீது செங்குத்தாக விழச் செய்வர். இரு முகங்களிலிருந்தும் மீளும் அலைகள் சேர்ந்து ஒளிவரிகளையும் இருள்வரிகளையும் தோற்றுவிக்கும். ஈலியம்-நியோன் லேசரின் அலைநீளம் 632.8 நனோமீற்றர். முறிவுச் சுட்டி 1.5 உடைய கண்ணாடியினுள் அது ஏறத்தாழ 422 ஆகக் குறுகும். ஒளி போயும் வந்தும் இருமுறை பயணிப்பதால், ஓர் இருள்வரிக்கும் அடுத்ததற்கும் இடையிலுள்ள தடிப்பு வேறுபாடு அதிற் பாதி, அதாவது 211 நனோமீற்றர். இது மில்லிமீற்றரின் ஏறத்தாழ ஐயாயிரத்தில் ஒரு பங்காகும்!

பிலாற்றஸ் மலையின் நிலப்படத்திலுள்ள சமவுயரக் கோடுகளைப் போன்றவை இவ்வரிகள். நேராகவும் சம இடைவெளியுடனும் அமைந்தால், தட்டு ஆப்புப் போல ஒருபுறம் தடித்துள்ளது. வளையங்களாயின், நடுவில் மேடோ பள்ளமோ உண்டு. வரியின்றி ஒரே பொலிவாகத் தோன்றினால், தடிப்புச் சீரானது. கண்ணாடியின் முறிவுச் சுட்டியும் எங்கும் சமமாயிருந்தாற்றான் இம்முடிவுகள் பொருந்தும்.

திருச்சிராப்பள்ளியில் 1888 இல் பிறந்த சேர் சி. வி. இராமன், சென்னை மாநிலக் கல்லூரி மாணவராய் இருந்தபோது, ஆய்வுகூடக் கருவியிலே தோன்றிய ஒளிப்பட்டைகளை உற்றுநோக்கித் தம் முதலாவது ஆய்வுக் கட்டுரையை எழுதினார். 1906 இல் அது இலண்டன் சஞ்சிகையொன்றில் வெளிவந்தது. கூர்ந்து நோக்கும் கண்ணே அவருடைய பெருஞ் செல்வம்.

பெற்றோரே, உங்களிற் பலர் தாயகத்தில் இப்பாடத்தைத் தமிழிலே கற்றவர்கள். கம்பி வளையம் ஒன்றைச் சவர்க்கார நீரில் தோய்த்து, நிமிர்த்திப் பிடியுங்கள். நீர் கீழிறங்க, நிறப்பட்டைகள் குறுக்காகத் தோன்றும். பிள்ளை ஜேர்மன் மொழியிற் கற்றதைச் சொல்லட்டும். நீங்கள் தமிழிற் கற்றதைச் சொல்லுங்கள். சொல் வேறாயினும் பொருள் ஒன்றே என்பதையும், தமிழ் வீட்டுப் பேச்சுக்கு மட்டுமன்றி அறிவியலுக்கும் உரிய மொழியென்பதையும் பிள்ளை அன்று உணரும்.