மண்சுவருக்குள் ஒரு மரச்சட்டம்

ஏற்காட்டில் பாரம்பரியக் கட்டடம் எது என்று கேட்டால் பலரும் கிரேஞ்ச் பங்களாவைக் காட்டுவார்கள். சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் 1820களில் இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்த காலத்தின் அடையாளம் அது. ஆனால் துரைமார் வருவதற்கு முன்பே சேர்வராயன் மலைக்கென்று ஒரு கட்டடக்கலை இருந்தது. சாமையும் கேழ்வரகும் விதைத்து வாழ்ந்த மலையாளிப் பழங்குடியினர் மரம், மூங்கில், மண், புல் ஆகியவற்றைக் கொண்டே கட்டிய விவசாய வீடு அது. இன்று மலைக்கிராமங்களில் கான்கிரீட் வீடுகளே கண்ணில் படுகின்றன. பழைய வீட்டின் அறிவியலைப் புரிந்துகொள்ளாமலேயே அதை இழந்துகொண்டிருக்கிறோம்.

மண்வீடு என்று சொன்னாலும் அதில் பாரம் தாங்குவது மரம்தான். தலையில் கவை பிரிந்த உறுதியான கால்களை நட்டு, கவையில் உத்திரத்தை அமர்த்துவார்கள். அதற்கு மேல் முகட்டுவளை, கைமரம், மூங்கில் வரிச்சு, கடைசியாக மலைப்புல். கூரையின் எடை முழுவதும் உத்திரம் வழியாகக் காலுக்கும், காலிலிருந்து தரைக்கும் இறங்கிவிடும். கால்களுக்கு நடுவே பிளந்த மூங்கில் தட்டியைக் கட்டி, குழைத்த செம்மண்ணை அப்பி, சாணம் மெழுகினால் சுவர் தயார். சுவர் விரிசல் விட்டாலும் கூரை அசையாது. ஐரோப்பாவின் பழைய பண்ணைவீடுகள் பலவும் இதே முறையில் எழுந்தவைதான்: ஓக் மரச்சட்டம், இடையில் குச்சித்தட்டி, அதன்மேல் களிமண்.

மரவீடு மக்கிப்போகும் என்பது பொதுவான நினைப்பு. மக்கச் செய்வது பூஞ்சை. அதற்கு ஈரம் வேண்டும். மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை பூஞ்சையால் அதைத் தின்ன முடியாது. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், மழையும் மூடுபனியும் மாறிமாறி வரும் ஏற்காட்டில், அந்த அளவைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வதுதான் வீட்டின் முதல் வேலை. தாழ இறங்கிய கூரை சாரலைச் சுவரில் படவிடாது. உயர்த்திய திண்ணை தரையின் ஈரத்தைத் தள்ளிவைக்கும். களிமண் காற்றின் ஈரத்தை உறிஞ்சி, வெயில் வந்ததும் வெளியே விட்டுவிடும். தன்னை ஒட்டியிருக்கும் மரத்தையும் உலர்வாக வைத்திருக்கும்.

மூங்கிலின் எதிரி துளைப்பான் வண்டு. அது தேடி வருவது மூங்கிலில் உள்ள மாவுச்சத்தை. அதனால்தான் மாவுச்சத்து குறைந்த பருவம் பார்த்து முற்றிய மூங்கிலை வெட்டுவதும், நீரில் ஊறப்போட்டு எடுப்பதும் வழக்கமாயின. அடுப்புப் புகைக்கும் இதில் பங்கு உண்டு. அது பரணில் இருக்கும் தானியத்தையும் கூரைப்புல்லையும் உலர்த்தி, பூச்சி அண்டாமல் காக்கிறது.

இப்படிப்பட்ட வீட்டைப் பலப்படுத்துகிறோம் என்று சிமென்ட் பூசுவது அதைக் கொல்வதற்குச் சமம். சிமென்ட்டின் நுண்ணிய வெடிப்புகளில் புகும் நீர் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கும், மரம் அழுகும். இங்கிலாந்தில் 20ஆம் நூற்றாண்டில் மரச்சட்ட வீடுகள் பலவற்றுக்கு இந்தக் கதி நேர்ந்தது. இப்போது அங்கே சிமென்ட்டைப் பெயர்த்தெடுத்துவிட்டுச் சுண்ணாம்பும் களிமண்ணும் பூசுகிறார்கள். காலின் அடி மக்கியிருந்தால் முழுக் காலையும் பிடுங்க வேண்டியதில்லை. கெட்ட பகுதியை மட்டும் அறுத்துவிட்டு, அதே வகை மரத்தில் புதுத் துண்டைப் பொருத்தி, ஈரம் ஏறாதபடி கல்லின்மேல் நிறுத்தலாம்.

மரச்சட்டத்தின் வலிமைக்குக் காஷ்மீர் சாட்சி. 2005 அக்டோபர் 8 அன்று 7.6 அளவில் நிலம் குலுங்கியபோது, கல்லும் கான்கிரீட்டுமாக எழுந்த எத்தனையோ கட்டடங்கள் சரிந்தன. மரச்சட்டங்களுக்கு இடையே கல்லும் மண்ணும் அடைத்த ‘தஜ்ஜி தீவாரி’ வீடுகள் பல ஆடினாலும் விழாமல் நின்றன. அதன் பிறகு புதிய வீடுகளையும் அதே முறையில் கட்டத் தொடங்கினார்கள்.

சட்டத்தின் பார்வை வேறு. 1958ஆம் ஆண்டின் தொல்லியல் சட்டம் பாதுகாக்க வேண்டிய சின்னத்துக்குக் குறைந்தது 100 ஆண்டு பழமையை எதிர்பார்க்கிறது. சில ஆண்டுகளுக்கொருமுறை புல்லும், தேவைப்படும்போது காலும் மாற்றப்படும் வீட்டின் வயதை எப்படிக் கணக்கிடுவது? ஜப்பானின் இசே கோயில் 20 ஆண்டுகளுக்கொருமுறை புதிதாகக் கட்டப்படுகிறது. அதன் தொன்மையை யாரும் சந்தேகிப்பதில்லை. அங்கே தொடர்ந்து வருவது தச்சரின் அறிவு. மரக் கட்டடங்களைப் பேணுவதற்கான நெறிமுறைகளை இகோமோஸ் என்ற உலக அமைப்பு 2017இல் நம் புதுடில்லியில்தான் ஏற்றுக்கொண்டது. கட்டடத்தோடு தச்சு மரபையும், பழுதுபார்க்க மரம் தரும் காட்டையும் பேண வேண்டும் என்கிறது அது.

நம் மலைக்கும் இதுவே பொருந்தும். மூங்கில் எடுக்க வழியில்லாமல், புல் வளரும் சரிவு இல்லாமல், தட்டி பின்னத் தெரிந்த கை இல்லாமல் எந்த வீட்டையும் காப்பாற்ற முடியாது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் மூங்கிலைச் சிறு வனப்பொருளாக ஏற்று, அதைச் சேகரிக்கும் உரிமையைப் பழங்குடியினருக்குத் தருகிறது. அந்த உரிமை நடைமுறையில் கிடைப்பதுதான் இந்த வீடுகளுக்கான முதல் பாதுகாப்பு.

கூரை மாற்றும் உழைப்பும் தீ பற்றும் பயமும் இல்லாத வீட்டை மலைமக்கள் விரும்புவது நியாயம். 2030க்குள் குடிசையில்லா தமிழ்நாடு என்ற இலக்கோடு அரசு கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தை நடத்துகிறது. யாரையும் பழைய வீட்டிலேயே இருங்கள் என்று சொல்லும் உரிமை நமக்கில்லை. ஆனால் இடிப்பதற்கு முன் அளந்து, வரைந்து, படமெடுத்து, கட்டியவர்களின் சொல்லைப் பதிவு செய்யலாம். மரச்சட்ட வீட்டைப் பிரித்து வேறிடத்தில் மீண்டும் பூட்டவும் முடியும். 1996இல் திறக்கப்பட்ட முட்டுக்காடு தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில் கேரளத்தின் பழைய மரவீடு அப்படித்தான் நிற்கிறது. சேர்வராயன் மலைக்காரர்கள் தங்கள் வீட்டைப் பார்க்க முட்டுக்காடு வரை போக வேண்டாம். ஏற்காட்டிலேயே, அவர்கள் கையாலேயே, அவர்கள் பராமரிப்பிலேயே சில வீடுகளையாவது நிலைநிறுத்த அரசும் கட்டடக்கலைக் கல்லூரிகளும் இப்போதே முன்வர வேண்டும்.